மூன்றாவது திறப்பு: ஒரு சிறுகதையின் கருப்பொருளைத் தேடிய ஐந்து ஞாயிறு

ஒரே கதையை ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்து, இதன் கருப்பொருள் என்ன என்று கேட்டேன். ஆறு பேர் "தாய்ப்பாசம்" என்று எழுதினார்கள். ஒருத்தி "சீதனக் கொடுமை" என்றாள். ஒருவனுக்கு அது "வெள்ள அனர்த்தம்". கடைசி வாங்கில் இருந்த பொடியன் "மருமகன் சரியில்லை" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிட்டான். ஒன்பது கொப்பியிலும் கதையிலிருந்து ஒரு வரிகூட எடுத்துக் காட்டப்படவில்லை.

அந்த ஒன்பது விடைகளும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலக்கியம் படிப்பிக்கிறவர்களுக்கும், "கருப்பொருளை உதாரணங்காட்டி நிறுவுக" என்ற வினாவைக் கண்டதும் முழிக்கிற பிள்ளைகளுக்கும் இதில் ஏதாவது பிடிபடும் என்று நம்புகிறேன்.

இடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமத்து நூலகம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று வாவியின் இரண்டு கரைக்கும் எங்கள் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதுக்காரர். சாதாரண தரத்துக்குத் தமிழ் இலக்கிய நயம் எடுக்கிறவர்கள். நல்ல பிள்ளைகள், நன்றாக மனனம் செய்வார்கள். சிக்கலும் அதுதான். பாடப்புத்தகத்தில் உள்ள கதை எதைக் கொடுத்தாலும், அதன் கருப்பொருள் ஏற்கெனவே யாரோ அச்சடித்த வழிகாட்டியில் இரண்டு வரியாக இருக்கும். பிள்ளை அதை ஒப்புவிக்கும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு கதையின் கருவைத் தானாகத் தேடியதே இல்லை.

அதனால் வழிகாட்டி இல்லாத ஒரு கதையைத் தேடினேன். நூலகத்தின் பழைய கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றில், இளைப்பாறிய ஓர் ஆசிரியை எழுதிய கதை அகப்பட்டது. நான்கு பக்கம். அவரிடம் கேட்டுப் படி எடுத்தேன். தலைப்பையும் எழுதியவர் பெயரையும் வெள்ளைத்தாள் வைத்து மறைத்துவிட்டுத்தான் படியெடுத்தேன். தலைப்பு இருந்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

கதை

வாசிக்கிறவரும் கூடவே தேட வேண்டும் என்பதால் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வள்ளியம்மை குவைத்தில் எட்டு வருடம் வேறொருவருடைய வீட்டைக் கூட்டித் துடைத்துக் காசு அனுப்பியவள். அந்தக் காசில் ஒரு கல்வீடு எழும்புகிறது. அவள் திரும்பி வந்த கிழமையில்தான் முன்கதவு போடுகிறார்கள். "பூட்டோடு மூன்று திறப்பு வந்தது. மூன்றையும் ஒரு சிவப்பு நூலில் கோர்த்துச் சாமிப்படத்துக்குக் கீழே தொங்கவிட்டாள்." இது முதல் பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம். வீடு மகளுக்கு எழுதப்படுகிறது. "உறுதியும் திறப்பு இரண்டும் மகளின் கைக்குப் போயின." தாய் பின்வளவில் இருக்கும் பழைய குசினிக்குப் போகிறாள். "கிடுகு மாற்றினால் போதும் என்றாள்." யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

மூன்றாம் பக்கம் அவளுடைய காலை. மகள் எழும்ப முதல் போய் முன்விறாந்தையைக் கூட்டுகிறாள். "குவைத்தில் கூட்டிய மாதிரி இல்லை. மூலை மூலையாகக் கூட்டினாள்." மகள் வெளியே வந்து, "ஏனம்மா, நான் கூட்டமாட்டனா?" என்கிறாள். தாய் மறுமொழி சொல்வதில்லை. மருமகனுக்குக் கதையில் பெயர் இல்லை. ஒரேயொரு வசனம் பேசுகிறான். மனைவியைப் பார்த்து, "அவவ விடு" என்கிறான்.

கார்த்திகை மழை நான்கு நாள் விடாமல் கொட்டுகிறது. குசினிக்குள் தண்ணீர் ஏறுகிறது. மகள் குடையோடு வந்து, "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிடுகிறாள். "வாறன், நீ போ" என்கிறாள் தாய். போகவில்லை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டில் இருக்கிறாள். வீட்டுக்குள் லாம்பு வெளிச்சம் தெரிகிறது. "மருமகன் லாம்பை அணைத்துவிட்டுக் கடைசியாகப் படுக்கப் போனான்."

முடிவை அப்படியே தருகிறேன்:

"முழங்கால் தண்ணீரில் நடந்து முன்படிக்கு வந்தாள். கதவில் கை வைத்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பூட்டினாள். திறந்தாள். உள்ளே போனாள்."

முதல் ஞாயிறு: சொல்லும் வாக்கியமும்

"தாய்ப்பாசம்" என்று எழுதிய ஒரு பிள்ளையை எழுப்பி, "அது பிழை என்று நான் சொன்னால் எப்படி மறுப்பாய்?" என்று கேட்டேன். அவளால் மறுக்க முடியவில்லை. என்னாலும் அது பிழை என்று காட்ட முடியாது. தாய்ப்பாசம் என்பது ஒரு சொல். ஒரு சொல்லை யாரும் நிறுவவும் முடியாது, உடைக்கவும் முடியாது. "நெல்" என்று சொன்னால் அது சரியா பிழையா? "இந்த முறை நெல் பிந்தி விளைந்தது" என்று சொன்னால்தானே வயலுக்குப் போய்ப் பார்க்கலாம்.

அன்றைக்கு நான் பிள்ளைகளிடம் கேட்டது இதை மட்டும்தான்: உங்கள் விடையை எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள், பிழையாகப் போகக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்.

அரைமணி நேரத்தில் விடைகள் மாறின. "தாய் பிள்ளைக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிடுவாள்" என்று நாலு பேர். "பிள்ளைகள் வயதான தாயைக் கவனிக்க வேண்டும்" என்று இரண்டு பேர். முதலாவது வாக்கியத்தைக் கதையில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவதை வைத்துப் பார்க்க முடியாது. "வேண்டும்" என்று முடிவது கட்டளை. ஆத்திசூடியில் தொடங்கி நீதிநூல்களோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எதை வாசித்தாலும் அடியில் ஒரு "செய்" அல்லது "செய்யாதே" இருக்கும் என்று கை தேடும். அது குற்றமில்லை. ஆனால் கதை ஒரு நிலைமையை இப்படித்தான் இருக்கிறது என்று காட்டுகிறது. அதிலிருந்து என்ன செய்வது என்பது வாசித்தவருடைய பாடு. படிப்பினை வேறு, கருப்பொருள் வேறு என்று அன்று பலகையில் எழுதிவைத்தேன்.

இந்தக் "கருப்பொருள்" என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு குறை உண்டு. தொல்காப்பியத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று வருகின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற மனித ஒழுக்கம்தான் உரிப்பொருள். இன்று நாங்கள் வினாத்தாளில் கருப்பொருள் என்று கேட்பது உண்மையில் அந்த உரிப்பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்றை. பெயர் இடம் மாறிவிட்டது. இனி அதை மாற்ற முடியாது. ஆனால் பழைய பாகுபாடு வகுப்பறையில் நல்ல உதவி. வெள்ளம் என்று எழுதிய பொடியனுக்கு அதைத்தான் காட்டினேன். மழையும் கார்த்திகையும் முதற்பொருள். திறப்பு, கிடுகு, விளக்குமாறு, லாம்பு எல்லாம் பழைய கணக்கில் கரு. அவற்றுக்கு நடுவில் ஒரு மனுஷி என்ன செய்கிறாள், எதற்கு மறுக்கிறாள் என்பது உரி. நீ தேடுவது அங்கே இருக்கிறது என்றேன். 2011 தை மாத வெள்ளத்தில் அவனுடைய வீடு போனது, தாய் அதை அடிக்கடி சொல்லுவா என்று பிறகு சொன்னான். அவன் ஏன் வெள்ளத்தைக் கண்டான் என்று அப்போதுதான் விளங்கியது. வாசிக்கிறவன் தன் வீட்டையும் தூக்கிக்கொண்டுதான் கதைக்குள் வருகிறான். அதைக் கழற்றி வைக்கச் சொல்ல முடியாது. எது கதையிலிருந்து வந்தது, எது தன் வீட்டிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்லலாம்.

இரண்டாம் ஞாயிறு: உறுத்துகிற வரி

எல்லோருக்கும் ஒரு பென்சில் கொடுத்தேன். கதையை நான் மெல்ல வாசிப்பேன், "ஏன்?" என்று மனம் கேட்கிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள் என்றேன். கருத்துச் சொல்ல வேண்டாம், புள்ளி மட்டும் போதும்.

வாசித்து முடித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். எட்டுத் தாளில் ஒரே இடத்தில் புள்ளி இருந்தது: "பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள்."

அந்த வரியை எல்லா விடைகளுக்கும் பொதுவான உரைகல்லாக எடுத்துக்கொண்டோம். யாருடைய வாக்கியம் இந்த வரியை விளக்குகிறதோ அது நிற்கும். விளக்காதது, மற்ற எல்லா இடத்திலும் பொருந்தினாலும், கதையின் கரு ஆகாது. நான் படிப்பிக்கிற காலத்தில் கண்டுகொண்ட வழிகளில் இதையே பெரிதாக மதிக்கிறேன். சாதாரணமான வரிகள் எந்தக் கருவோடும் சமாதானமாகப் போய்விடும். விசித்திரமான வரிதான் வளைந்து கொடுக்காது.

"தாய் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவாள்" என்ற வாக்கியம் அங்கேயே விழுந்தது. எல்லாவற்றையும் கொடுத்தவள் திறந்திருக்கிற கதவைப் பூட்டித் திறப்பாளா? நனைந்துபோய் நிற்கிறாள், கதவு திறந்திருக்கிறது, பேசாமல் உள்ளே போகலாம். "மருமகன் சரியில்லை" என்பதும் நிற்கவில்லை. அவன் கொடுமைக்காரன் என்றால் கதவு உள்ளே தாழிட்டிருக்க வேண்டும். கடைசி வாங்குப் பொடியன் விடவில்லை.

"சேர், அவனுக்குப் பேரே இல்ல. அவன நல்லவனெண்டா எழுதியிரிக்கி?"

நல்ல கேள்வி. பெயர் இல்லாதது ஓர் ஆதாரமா? ஆதாரம்தான், ஆனால் எதற்கு? கெட்டவன் என்பதற்கா, அந்த வீட்டில் தாயின் கண்ணுக்கு அவன் இன்னும் அந்நியன் என்பதற்கா? அவனைப் பற்றி இருக்கிற வரிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். அவன் பொறுக்கிக்கொண்டு வர மூன்று கிழமை எடுத்தது.

அப்போதுதான் முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, அன்றுவரை வாயே திறக்காதவள், கையைப் பாதி உயர்த்தினாள்.

"சேர், பூட்டோட மூண்டு திறப்பு வந்ததெண்டு போட்டிருக்கு. கலியாணத்தண்டைக்கு ரெண்டுதானே குடுத்தவ?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். நானும் புரட்டினேன். இந்தக் கதையை நான் அதுவரை பத்துத் தடவைக்கு மேல் வாசித்திருப்பேன். எனக்கு அது பட்டிருக்கவில்லை. முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று கதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. தாய் ஒன்றை வைத்துக்கொண்டாள் என்றும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் மூன்று, இரண்டாம் பக்கத்தில் இரண்டு. மிச்சம் கடைசிப் பக்கத்தில் வருகிறது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகம் நகரும் ஐந்து கட்டங்களைப் பயிரை வைத்து விளக்குவார். விதை முளைப்பது முகம், இலைவிட்டு வளர்வது பிரதிமுகம், கதிர் கருக்கொள்வது கருப்பம், முற்றுவது விளைவு, அறுத்து உண்பது துய்த்தல். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வந்த மதங்கசூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை இந்தக் கட்டங்களில் வைத்துப் பார்த்தார். வயல்காரப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதே இல்லை. "மூன்று திறப்பு" விதைத்த இடம், "திறந்தாள்" சாப்பிட்ட இடம் என்று அவர்களே சொன்னார்கள்.

அந்த ஒரு கணக்கினால் ஒரு பெரிய விஷயம் தீர்ந்தது. தாய் எதையோ விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்பது மகளோ மருமகனோ நடந்துகொண்ட விதத்தால் பிறகு வந்த கோபம் இல்லை. கல்யாண நாளன்றே, யாரும் ஒன்றும் செய்ய முதலே, அது அவளிடம் இருந்திருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு: நான் விட்ட பிழை

இரண்டாம் ஞாயிறு அவ்வளவு நன்றாகப் போன உற்சாகத்தில் மூன்றாம் ஞாயிறு நான் அவசரப்பட்டேன். வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்தில், "கொடுத்த பிறகும் அதில் தனக்கிருந்த உரிமையை மனம் விடாது" என்று என் வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டேன். ஒன்பது பேரும் கொப்பியில் இறக்கிக்கொண்டார்கள். அதோடு தேடல் நின்றுவிட்டது. கேள்வி கேட்டால் பலகையைப் பார்த்து வாசிக்கிறார்கள். வழிகாட்டிப் புத்தகம் செய்கிற வேலையை அன்று நானே செய்துவிட்டேன். அந்தப் பாடத்தை முழுவதும் இழந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சீதனக் கொடுமை" என்று எழுதிய பிள்ளைதான் அன்றைய நாளைக் கொஞ்சம் காப்பாற்றினாள். அவள் தன் விடையை விடத் தயாராக இல்லை. வீடு எழுதிக் கொடுக்கப்பட்டது, தாய் குசினிக்குப் போனாள், இது கொடுமை இல்லாமல் வேறு என்ன என்று கேட்டாள். சரி, இந்த ஊரில் வீடு யாருக்குப் போகிறது என்று எல்லோரையும் கேட்டேன். பொம்பிளைப் பிள்ளைக்கு. உங்கள் வீடு யாருடையது? அம்மாவுடையது. அவவுக்கு யார் கொடுத்தது? பெத்தா. பெத்தா இப்போது எங்கே? பின்னால், பக்கத்தில், அதே வளவுக்குள்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை இருப்பதும், மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகிலேயே ஒதுங்குவதும் நாங்கள் எல்லோரும் அறிந்தது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலும் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இந்தக் கதையின் உலகத்தில் வீடு கொடுப்பது வழமை. யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் பேரம் பேசவில்லை. கொடுமை என்று சொல்ல கதையில் ஒரு வரியும் கிடையாது. அந்தப் பிள்ளை தேடிப் பார்த்துவிட்டுத் தானே ஒப்புக்கொண்டாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊர் வழமை, வரலாறு, எழுதியவர் வாழ்க்கை எல்லாம் கதைக்கு வெளியே இருக்கிற சான்றுகள். கதைக்குள் எது இயல்பு, எது விசித்திரம் என்று அவை காட்டித் தரும். கருப்பொருளை அவை தனியாக நிறுவா. இந்த வழமையை அறியாத ஒருவர் தாய் குசினிக்குப் போனதைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார், கதவைப் பூட்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். எங்களுக்குக் குசினிக்குப் போனது இயல்பு. அதனால்தான் எங்கள் கண் நேரே கதவில் போய் நின்றது.

நான்காம் ஞாயிறு: எழுதியவர் வந்தார்

டீச்சரம்மாவை வகுப்புக்குக் கூட்டி வந்தேன். எழுபது தாண்டியவர். பிள்ளைகளுக்கு ஒரே புழுகம். மறைத்து வைத்திருந்த தலைப்பை அவரே சொன்னார்: "தாய்மனம்".

ஆறு பேருடைய முகம் மலர்ந்தது. முதலில் எழுதிய விடை சரிதானே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மாவும், "நான் ஒரு தாயின்ட பாசத்தத்தான் மனே எழுதின" என்றார்.

திறப்புக் கணக்குப் பார்த்த பிள்ளை எழும்பினாள். குரல் நடுங்கியது. "அப்ப மூண்டாவது திறப்பு, டீச்சரம்மா?"

டீச்சரம்மா தாளை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னார். "எங்கட வீட்டுப் பூட்டுக்கு மூண்டு திறப்பு வந்தது மனே. அத நினைச்சி எழுதினன். கலியாணத்தில ரெண்டு எண்டது மகளுக்கொண்டு மருமகனுக்கொண்டு. நான் கணக்குப் பாக்கல்ல."

எங்களுடைய மிகப் பெரிய ஆதாரம் ஒரு தற்செயல் என்று எழுதியவரே சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை.

அன்றைய மிச்ச நேரம் முழுக்க இதைத்தான் கதைத்தோம். எழுதியவர் நினைக்காதது கதையில் இருக்க முடியுமா? என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொன்னேன். இருக்க முடியும். கை எழுதுவது எல்லாம் நெஞ்சுக்குத் தெரிந்து எழுதுவது இல்லை. டீச்சரம்மாவும் ஒரு மகளுக்கு வீடு கொடுத்தவர்தான், அதைப் பற்றி நான் அங்கே எதுவும் கேட்கவில்லை, கேட்பதும் முறையில்லை. எழுதியவரின் வாக்குமூலம் மதிப்புள்ள ஒரு வாசிப்பு. ஆனால் அதுவும் கதவை இழுத்துச் சாத்திய வரிக்கு முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பதிலோடு தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். மூன்றாவது திறப்பை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். அது இல்லாமல் நம் கருத்து நிற்குமா பாருங்கள். ஒரே நூலில் தொங்குகிற கருத்து என்றால் அந்த நூல் அறும்போது விழட்டும்.

பார்த்தார்கள். விறாந்தை கூட்டுகிற வரி கிடைத்தது: "குவைத்தில் கூட்டிய மாதிரி இல்லை." அங்கே கூட்டியது கூலிக்கு, வேறொருவர் வீட்டை. இங்கே மூலை மூலையாகக் கூட்டுவது தன் வீட்டை. அந்த ஒப்பீட்டைக் கதையே செய்கிறது, நாங்கள் செய்யவில்லை. அடுத்து "உள்ள வாங்கம்மா". மகள் அன்பாகத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் "வாங்க" என்று கூப்பிடுவது யாரை? வெளியில் நிற்கிறவரை. தாய் "வாறன், நீ போ" என்கிறாள். வர மறுக்கவில்லை, கூட்டிக்கொண்டு போகப்படுவதைத்தான் மறுக்கிறாள். இந்த நுணுக்கத்தைச் சொன்னது டீச்சரம்மா! தன் கதையைத் தானே புதிதாக வாசிக்கிறவர் போலத் தாளில் விரலை வைத்து, "இந்த இடத்தில அவ கூட்டிற்றுப் போகவேணாம் எண்டெல்லோ சொல்றா" என்றார். மூன்றாவதாகக் கதவு. அது தற்செயல் இல்லை. சாத்தினாள், அவிழ்த்தாள், பூட்டினாள், திறந்தாள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வாக்கியமாக நிறுத்தி எழுதியிருக்கிறார். அந்த இடத்தை மூன்று தரம் திருத்தினேன் என்று அவரே சொன்னார்.

திறப்புக் கணக்கு இல்லாமலும் கருத்து நின்றது. ஆனால் ஒரு சொல் மாற வேண்டியிருந்தது. நான் பலகையில் எழுதிய "உரிமை" என்பதை ஒரு பிள்ளை வெட்டச் சொன்னாள். உறுதி மகளிடம் போய்விட்டது, தாய் அதைத் திருப்பிக் கேட்கவில்லையே, அவ கேட்பது உரிமையை இல்லையே என்றாள். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து எழுதிய வாக்கியம் இது: "தன் உழைப்பால் ஆன ஒன்றை மனதாரக் கொடுத்துவிட்டவருக்கும், அதற்குள் விருந்தாளியாக நுழைவது தாங்க முடியாததாக இருக்கும்." மனதாரக் கொடுத்தாள் என்பதையும் இது வைத்துக்கொள்கிறது. ஆகவே தாய்ப்பாசம் என்று எழுதிய ஆறு பேரும் முழுக்கப் பிழை இல்லை. அவர்கள் வாக்கியத்தின் முதல் பாதியைக் கண்டிருந்தார்கள்.

ஐந்தாம் ஞாயிறு: எழுதிக் காட்டுதல்

நிறுவுவது என்றால் எழுதுவது. வாயால் சொல்லும்போது கையை ஆட்டிச் சமாளித்துவிடலாம். தாளில் முடியாது. அன்றைக்கு வந்த விடைகளில் பொதுவாகக் கண்ட பிழை ஒன்றுதான்: கருத்தைச் சொல்லிவிட்டு, மேற்கோளையும் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ள பாலத்தைக் கட்டாமல் விடுவது. "தாய்க்கு விருந்தாளியாக நுழைய விருப்பமில்லை. 'பூட்டினாள். திறந்தாள்.' என்று கதையில் வருகிறது." இதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வரி எப்படி அந்தக் கருத்தைக் காட்டுகிறது என்பதைச் சொன்னால்தான் அது சான்று. சொல்லாவிட்டால் வெறும் ஒட்டு.

திறப்புக் கணக்குப் பார்த்த பிள்ளை எழுதியதிலிருந்து ஒரு பகுதியை, எழுத்துப்பிழை மட்டும் திருத்தித் தருகிறேன்: "கதவு பூட்டியிருக்கவில்லை என்று தெரிந்ததும் வள்ளியம்மை கொஞ்ச நேரம் நிற்கிறாள். உள்ளே போக வழி இருக்கிறது. ஆனால் அது இன்னொருவர் அவளுக்காக விட்டு வைத்த வழி. அதை அவள் மூடிவிட்டுத் தன் கையால் திறக்கிறாள். இரண்டு முறையிலும் கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே போவதும் அதே வள்ளியம்மைதான். யார் திறந்தது என்பது மட்டும் மாறுகிறது. கதை அந்த மாற்றத்துக்காகத்தான் நான்கு வாக்கியம் செலவழிக்கிறது." பாலம் இப்படித்தான் கட்டப்பட வேண்டும். மூன்றாவது திறப்பைப் பற்றி அவள் கடைசியில் ஒரே வரி எழுதியிருந்தாள்: அது தற்செயலாக இருக்கலாம், ஆனால் மற்றச் சான்றுகளோடு முரண்படவில்லை. பதினாறு வயதில் தன் சொந்தக் கண்டுபிடிப்பை அதற்குரிய அளவில் வைக்கத் தெரிந்த அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது.

கடைசி வாங்குப் பொடியன் தாள் கொடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு நூலகத்துக் கதவை நான் பூட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். கையில் அந்த நாலு பக்கம். மருமகனைப் பற்றிய வரிகளை எல்லாம் நீலப் பேனையால் கோடிட்டிருந்தான். மொத்தமே நாலைந்து வரிதான்.

"சேர், மகள் கதவத் திறந்து வெச்சிற்றுப் படுத்தா எண்டுதானே எல்லாரும் எழுதியிரிக்கம்?"

"ஓம்."

"கதையில எங்க சேர் அப்பிடி இரிக்கி?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை என்று மட்டும்தான் இருந்தது. ஐந்து கிழமையும் மகள் என்றே நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். அவன் விரலை இன்னொரு வரியில் வைத்தான். அதன் கீழ் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தான்.

"மருமகன் லாம்பை அணைத்துவிட்டுக் கடைசியாகப் படுக்கப் போனான்."